பெண்ணாகப் பயணம்: வாசலிலிருந்தே கிளம்புவதா, போய்ச் சேர்ந்தபின் மாறுவதா?

பயணம் முடிவாகி, டிக்கெட் போட உட்காரும்போதுதான் கேள்வி வருகிறது. வீட்டு வாசலிலிருந்தே பெண்ணாகக் கிளம்புவதா? ஆண் உடையில் போய், அறைக் கதவைச் சாத்தியபின் மாறிக்கொள்வதா? இரண்டுக்கும் நடுவில் வேறு வழி உண்டா? திருநங்கைத் தோழிகளும், ஆணாக வாழ்ந்தபடியே அவ்வப்போது பெண் உடை அணியும் கிராஸ்டிரெஸ்ஸர் நண்பர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்பவர்களின் மனதில் இருக்கும் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: "என்னைப் பார்த்தால் பெண் மாதிரி இருக்கிறதா?" நான் பதிலுக்குக் கேட்பது வேறு. போகும் வழியில் எத்தனை இடத்தில் அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்?

முகம் எவ்வளவு பொருந்தி வருகிறது என்பது தெருவில் நடக்கும்போது உதவும். பயணத்தில் சிக்கல் பிறக்கும் இடம் வேறு. ஒருவர் அட்டையைப் பார்க்கிறார், நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார், மறுபடியும் அட்டையைப் பார்க்கிறார். எல்லாம் அந்தச் சில நொடிகளில்தான். அதனால் மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள். விமானம், எல்லை, ஓட்டல், ஊர் சுற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள்.

இந்தப் பிரச்சினை நம் தலைமுறைக்குப் புதிதாக வந்ததும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் போலீஸ், மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் முயற்சியால், சிலருக்கு ஒரு சீட்டு வழங்கியது. இன்னார் பெண் உடை அணிபவர் என்பது போலீசுக்குத் தெரியும் என்பதே அதன் சாரம். தெருவில் யாராவது நிறுத்தினால் அதை எடுத்துக் காட்டலாம். உடைக்கும் தாளுக்கும் பொருத்தம் இருந்தால் நிம்மதி என்பதை அன்றே புரிந்து வைத்திருந்தார்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, கிளம்புவது முதல் திரும்புவது வரை பெண்ணாகவே இருப்பது. பாஸ்போர்ட்டில் பெயரும் படமும் பாலினமும் மாறியிருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. மாறவில்லை என்றாலும், பல ஆண்டுகளாகப் பெண் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆண் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு போனால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள். முகம் மென்மையாகி, மார்பு வளர்ந்த பிறகு அந்தத் தோற்றம்தான் பார்ப்பவரைக் குழப்புகிறது. சட்டைக்குள் எதையோ ஒளித்து வைத்திருப்பவர் போல நடையும் மாறிவிடும். அலுவலர்களுக்கு உடையைவிடப் பதற்றம்தான் முதலில் கண்ணில் படும்.

இரண்டாவது, போய்ச் சேர்ந்தபின் மாறுவது. குடும்பத்துக்கோ அலுவலகத்துக்கோ தெரியாமல் வாழும் கிராஸ்டிரெஸ்ஸர்களுக்குப் பழக்கமான வழி இது. 1950கள், 60களில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 'காசா சுசானா' என்ற தங்குமிடம் இருந்தது. கோட்டும் டையுமாக வந்து இறங்குபவர்கள், உள்ளே போனதும் கவுனும் விக்கும் அணிந்து, வார இறுதி முழுக்கத் தாங்கள் விரும்பிய பெயரில் வாழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். உடைக்காகவே கைது செய்யக்கூடிய காலம் அது. வழியில் எந்தக் கேள்வியும் எழாது என்பது இந்த முறையின் பெரிய பலம். பெட்டி இரட்டிப்பாவதும், கிடைக்கும் நேரம் பாதியாவதும் இதற்குக் கொடுக்கும் விலை.

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் பயப்படுகிறார்கள். பெட்டியைச் சோதிப்பவர் தேடுவது ஆயுதமும் வெடிபொருளும் வரி கட்டாத சரக்கும். உடையும் விக்கும் சிலிக்கான் மார்பகமும் அந்தப் பட்டியலில் இல்லை. யாராவது "இது யாருடையது?" என்று கேட்டால் "என்னுடையது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுங்கள். மனைவிக்கு, தங்கைக்கு என்று கதை கட்டினால்தான் அடுத்த கேள்வி வரும். ஆனால் எதிர்பாலின உடையையே குற்றமாகப் பார்க்கும் நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் இந்தப் பெட்டியே வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது வழி, நடுத்தரமான தோற்றம். தளர்ந்த பேண்ட், நீளமான மேல்சட்டை, தட்டையான செருப்பு, சொந்த முடி, மேக்கப் இல்லை அல்லது மிகக் கொஞ்சம். எல்லாமே பெண்கள் பிரிவில் வாங்கியதாக இருக்கலாம். ஆனாலும் பாஸ்போர்ட் படத்தில் இருக்கும் முகம் இதுதான் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். ஆவணம் மாறாத பெரும்பாலானவர்களுக்கு, விமானப் பயணத்தின்போது மட்டும், நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதில் யாரும் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. சரிபார்ப்பவரின் வேலையைக் கொஞ்சம் சுலபமாக்குகிறோம், அவ்வளவுதான்.

நான்காவதாகச் சிலர் ஒன்றைச் செய்கிறார்கள். பாதி வழியில், விமான நிலையத்தின் கழிப்பறையிலோ ரயில் நிலையத்திலோ மாறுவது. தயவுசெய்து இதைத் தவிருங்கள். ஒரு ஆள் உள்ளே போய் வேறொரு ஆளாக வெளியே வருவதைக் கேமராக்களும் காவலர்களும் ஒரே விதமாகத்தான் புரிந்துகொள்வார்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு மாறினால் இன்னும் சிக்கல், ஏனென்றால் விமானத்தில் ஏறும் வாயிலில் பல இடங்களில் மறுபடியும் முகம் பார்க்கிறார்கள். மாறத்தான் வேண்டும் என்றால் கதவு பூட்டும் அறை ஒன்று உங்களுக்கென்று இருக்கட்டும்.

விமானம்: சோதனை கடினம், கழிப்பறை எளிது

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் பயப்படுவதும் அதில்தான், அதிகம் தயாராக முடிவதும் அதில்தான்.

முதலில் டிக்கெட். பெயர், பாலினம் இரண்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நீங்கள் வாழும் பெயர் வேறாக இருக்கலாம், அது வலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சர்வதேச விமானங்களில் பயணிகளின் விவரம் பெரும்பாலும் முன்கூட்டியே போய்ச் சேரும் நாட்டுக்கு அனுப்பப்படுகிறது. அங்கே ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி உங்களைத் தேடி வரும்.

பாஸ்போர்ட்டில் பாலினத்துக்கு மூன்று குறிகளைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரநிலை ஏற்கிறது: எம் (ஆண்), எஃப் (பெண்), எக்ஸ் (இரண்டில் எதையும் குறிப்பிடாதது). ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2010களின் தொடக்கத்திலேயே எக்ஸ் குறியைப் பரவலாக்கின. பிறகு கனடா, ஜெர்மனி, அர்ஜென்டினா போன்ற நாடுகள் வந்தன. அமெரிக்கா 2022 ஏப்ரலில் தொடங்கி 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எக்ஸ் எடுப்பதா, எஃப் எடுப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ள திருநங்கைகளிடம் நான் சொல்வது எஃப். எக்ஸ் என்பது சிலருக்கு அவர்களின் உண்மையான அடையாளம், அவர்கள் அதை எடுக்கட்டும். பயண வசதி என்று மட்டும் பார்த்தால், விசாப் படிவங்கள் பலவற்றில் இன்னமும் இரண்டே கட்டங்கள்தான் இருக்கின்றன. எக்ஸ் உள்ளவர் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லத் தயாராக வேண்டும்.

படம் மட்டும் பழையதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலினக் குறியை மாற்றச் சட்டமும் சான்றிதழும் தேவைப்படும் நாடுகளில்கூட, அன்றாடம் இருக்கும் தோற்றத்தில் புதுப் படம் எடுத்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது பல இடங்களில் எளிது. குறி மாறாவிட்டாலும் படம் மாறினால் பாதிச் சிக்கல் தீரும், ஏனென்றால் கவுண்டரில் இருப்பவர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். தானியங்கி எல்லை வாயில்களும் பாஸ்போர்ட் சிப்பில் உள்ள படத்தோடுதான் முகத்தை ஒப்பிடுகின்றன. நெற்றியை மூடும் விக்கும் கனமான மேக்கப்பும் அங்கே தோற்க வைக்கலாம். தோற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆள் இருக்கும் கவுண்டருக்கு அனுப்புவார்கள். அதற்கென்று நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து உடல் ஸ்கேனர். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டு. பழைய மென்பொருள் உள்ள இயந்திரங்களில், நீங்கள் உள்ளே கால் வைப்பதற்குள் வெளியே நிற்கும் ஊழியர் ஆண் அல்லது பெண் என்று ஒரு பொத்தானை அழுத்துகிறார். இயந்திரம் அந்தப் பாலினத்துக்கு எதிர்பார்க்கும் உடலோடு உங்களை ஒப்பிட்டு, மாறுபடும் இடத்தைத் திரையில் உள்ள ஒரு பொம்மை உருவத்தின்மேல் கட்டமாகக் காட்டும். பெண் என்று அழுத்தினால் தொடையிடுக்கில் கட்டம். ஆண் என்று அழுத்தினால் மார்பில் கட்டம். திரும்பி அந்தத் திரையைப் பார்ப்பீர்கள். ஊழியரும் பார்ப்பார். பிறகு அவர் இன்னொருவரைக் கையசைத்துக் கூப்பிடுவார், இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொள்வார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த நிமிடத்தின் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில் உதவுவது முதலில் பேசுவதுதான். "நான் திருநங்கை. பெண் ஊழியர் சோதிக்க வேண்டும், தனி அறையில் சோதித்தால் நல்லது" என்று அமைதியாக, அடுத்தவருக்குக் கேட்காத குரலில் சொல்லுங்கள். யார் தொடுவது என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். தனி அறை பெரும்பாலான இடங்களில் கேட்டால் கிடைக்கும். கூட வந்தவர் உள்ளே இருக்கலாமா என்பதையும் கேளுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பாலினப் பொத்தான் தேவைப்படாத மென்பொருளுக்கு மாறுவதாக 2022இல் அறிவித்தார்கள். உலகம் முழுக்க இந்த மாற்றம் வந்துவிட்டது என்று நம்பிக் கிளம்ப முடியாது.

கிராஸ்டிரெஸ்ஸர்களுக்கு இதில் இன்னும் எளிய வழி இருக்கிறது. சிலிக்கான் மார்பகம், இடுப்பு பேடு, கம்பி வைத்த பிரா, இடுப்பை இறுக்கும் பட்டை எல்லாம் பெட்டியில் போகட்டும். ஸ்கேனர் பிடிப்பதில் பாதி இவைதான். மெல்லிய பஞ்சு பிரா போதும். விக்கில் உலோகக் கிளிப் இருந்தால் தலையையும் தடவிப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் தாண்டி விமானத்துக்குள் ஏறிவிட்டால் ஒரு பெரிய நிம்மதி காத்திருக்கிறது. அங்கே கழிப்பறைக்குப் பெரும்பாலும் ஆண் பெண் கிடையாது. நெடுந்தூரப் பயணத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ரயில், பஸ், கார்

ரயில் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான ரயில்களில் ஸ்கேனர் கிடையாது, பெட்டிக்குள் இருக்கும் கழிப்பறையும் பொதுவானதுதான். பகல் நேர ரயிலில் முழுப் பெண் தோற்றத்தில் போக யாருக்கும் தயக்கம் வேண்டாம். முதல்முறை வெளியே வருபவர்களை நான் இதில்தான் தொடங்கச் சொல்கிறேன். இரவு ரயிலில்தான் முடிவு கடினம். ஆஸ்திரியாவின் நைட்ஜெட் போன்ற சில சேவைகளில் பெண்களுக்கென்றே தனிப் பெட்டியறைகள் உண்டு. திருநங்கைகளுக்கு அது அவர்களுடைய இடம், டிக்கெட் எடுக்கும்போது விதியைப் பார்த்துக்கொண்டால் போதும். கிராஸ்டிரெஸ்ஸர் நண்பர்களுக்கு என் கருத்து வேறு. இரவில் விக்கைக் கழற்ற வேண்டும், காலையில் தாடி தெரியும், அதே அறையில் தூங்கும் முன்பின் தெரியாத பெண்ணுக்கு அது பயமாக இருக்கலாம். காசு கூடினாலும் தனியறை எடுங்கள், இல்லாவிட்டால் பகலில் போங்கள்.

பஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கைக்காரரோடு நெருங்கி உட்கார வேண்டும், நிறுத்தும் இடத்தில்தான் கழிப்பறை. குறுகிய தூரத்துக்குச் சரி.

கார்தான் கிராஸ்டிரெஸ்ஸர்களுக்கு முதல் தேர்வு. கதவைத் திறந்து ஏறி, போய் இறங்கும் வரை யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். பெட்டிக்கு அளவும் இல்லை. ஆனால் கழிப்பறைக் கணக்கு இங்கே தலைகீழாகிறது. சாலையோரத்தில் எல்லாம் ஆண், பெண் என்றே பிரிந்திருக்கும். ஒற்றை அறையாகப் பூட்டிக்கொள்ளும் குடும்பக் கழிப்பறையோ மாற்றுத்திறனாளிகளுக்கான அறையோ உள்ள பெரிய இடங்களை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்குத் தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு வழிவிட்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2023இல், அரசுக் கட்டடங்களில் பிறப்புப் பாலினப்படிதான் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. இதுபோன்ற இடங்களுக்குப் போகும்போது இது வெறும் சங்கடமாக முடியாது, சட்டச் சிக்கலாகவே மாறும்.

ஓட்டும்போது தட்டைச் செருப்புப் போடுங்கள், ஹீல்ஸ் பின்சீட்டில் இருக்கட்டும். போலீஸ் நிறுத்தினால், லைசென்ஸைக் கொடுக்கும்போதே "படத்தில் இருப்பது நான்தான், இப்போது உடை வேறு" என்று சொல்லிவிடுங்கள். வண்டி நடுவழியில் நின்றுபோனால் மெக்கானிக் முன்னால் நிற்கத் தயங்காத உடையில் ஓட்டுங்கள். விருந்துக்கான உடை பெட்டியில் காத்திருக்கும்.

தங்குமிடம்

உரிமையாளர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் சின்ன வீட்டைவிட, ஆயிரம் பேர் வந்துபோகும் பெரிய ஓட்டல் நல்லது. அங்கே யாருக்கும் உங்களை நினைவு வைத்துக்கொள்ள நேரம் இல்லை. வரவேற்பு மேசையைத் தாண்டாமல் லிஃப்ட்டுக்குப் போக வழி இருந்தால் இன்னும் நல்லது. கோட் எண் போட்டுத் திறக்கும் வாடகை வீடும் சரிதான். பதிவு செய்யும்போது அட்டையில் உள்ள பெயரைக் கொடுத்துவிட்டு, "இந்தப் பெயரில் கூப்பிடுங்கள்" என்று குறிப்பில் எழுதிவையுங்கள். மதித்து அப்படியே கூப்பிடும் இடங்கள் நிறைய உண்டு. ஆண் தோற்றத்தில் பதிவு செய்துவிட்டு மாலையில் பெண்ணாக வெளியே போகிறவர்கள் சாவி அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். தொலைத்துவிட்டால் வேறொரு முகத்தோடு மேசைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

தனியாகப் போவதா, துணையோடா? ஒரு பெண் தோழி கூட வந்தால் பாதி பாரம் குறைகிறது. கவுண்டரில் அவள் பேசுவாள், கழிப்பறைக்கு இருவரும் பேசிக்கொண்டே போய் வரலாம். நம்மைப் போன்றவர்கள் நாலு பேர் சேர்ந்து போனால் பார்வைகள் அதிகம் விழும், பயம் குறையும். முதல் பயணத்துக்குக் கூட்டமாகப் போவது நல்லது. 1975இல் அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுனில் தொடங்கிய ஃபாண்டசியா ஃபேர் போன்ற, நம்மைப் போன்றவர்கள் கூடும் சந்திப்புகள் இதற்காகத்தான் உருவாயின. ஊரே பழகிப்போன இடத்தில் பகலில் தெருவில் நடந்து பார்க்கிற தைரியம் பிறகு எங்கும் கூட வரும்.

எந்த நாடு என்பதைப் பொறுத்து

மேலே சொன்னதெல்லாம் உடை குற்றமாகாத நாடுகளுக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017இல், சிங்கப்பூரைச் சேர்ந்த இருவர் அபுதாபியில் பெண்களைப் போல உடுத்தியிருந்ததற்காகக் கைதாகி ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் நாடு திரும்பினார்கள். புருனேயில் எதிர்பாலின உடைக்கு எதிரான ஷரியா விதி உண்டு. மலேசிய மாநிலங்களில் உள்ள விதி முஸ்லிம்கள்மீது பாய்கிறது. குவைத்தில் எதிர்பாலினத்தைப் போல நடந்துகொள்வதைத் தண்டித்த சட்டப் பிரிவை 2022 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே ரத்து செய்தது. அதனால் மட்டும் அங்கே தெரு பாதுகாப்பாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிப்பட்ட நாட்டில் விமானம் மாறும்போதும் கவனம் தேவை. இணைப்பு விமானம் தவறிப்போனால் குடியேற்றக் கவுண்டரைத் தாண்டி ஊருக்குள் தங்க வேண்டிவரும். ஆவணம் மாறாதவர்கள் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தாவது வேறு வழித்தடம் பார்ப்பது நல்லது. அர்ஜென்டினாவில் 2012 முதலும் மால்டாவில் 2015 முதலும், தன் பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும் சட்டம் இருக்கிறது. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இடம் தேடுபவர்கள் அப்படிப்பட்ட நாடுகளிலிருந்து பட்டியலைத் தொடங்கலாம். அமெரிக்கா போகும் திருநங்கைகளுக்கு டென்மார்க், ஃபின்லாந்து, ஜெர்மனி அரசுகள் 2025இல் தங்கள் பயண அறிவுரையையே திருத்தின. விசாவில் எழுதும் பாலினம் பற்றி முன்கூட்டியே தூதரகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சட்டம் ஓராண்டில் மாறிவிடுகிறது. பழைய அனுபவத்தை நம்பாமல், டிக்கெட் எடுக்கும் வாரத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

உடம்பையும் கேளுங்கள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். எஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு, குறிப்பாக மாத்திரையாக எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் கூடும். நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதும் அதைக் கூட்டுகிறது. எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், கால் இறுக்கும் சாக்ஸ் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வரும் என்பதால் நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரையே நிறுத்துகிறவர்கள் ஊர் போய்ச் சேரும்போது சிறுநீர்த் தொற்றோடு போகிறார்கள். மருந்துகள் எல்லாம் அவற்றின் அசல் பெட்டியில், மருந்துச் சீட்டின் நகலோடு கைப்பையில் இருக்கட்டும். ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஊசியையும் மருந்தையும் சேர்த்தே வையுங்கள்.

ஆணுறுப்பை டேப் ஒட்டி இறுக்கி மறைப்பதை நீண்ட விமானப் பயணத்துக்கு நான் ஒப்புக்கொள்வதே இல்லை. தோல் உரியும், அவசரத்துக்கு அவிழ்க்கவும் முடியாது. இறுக்கமான உள்ளாடையும் தளர்ந்த பேண்டும் போதும். இரவு முழுக்கப் பறந்தால் தாடி வளரும். தாடி நிழலை மறைக்கப் பூசும் ஆரஞ்சு கரெக்டரும் ஃபவுண்டேஷனும் பத்து மணி நேரம் தாங்காது, விடியும்போது மேக்கப்புக்கு மேலே சாம்பல் நிறம் தட்டும். லேசரில் தாடியை நீக்கி முடிக்காதவர்கள் கைப்பையில் பேட்டரி ஷேவர் வைத்துக்கொண்டு, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு முகத்தைக் கழுவிப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். நடுத்தரத் தோற்றத்தில் வந்திருந்தால் இந்த வேலையே இல்லை.

வீட்டில் தெரியாதவர்களுக்குத் திரும்பும் நாளும் பயணத்தின் ஒரு கட்டம்தான். கடைசி இரவிலேயே நகச்சாயத்தை அழியுங்கள். நகத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வெளிச்சத்தில் பார்த்துத் துடையுங்கள். செயற்கை இமைமுடி ஒட்டிய பசையை எண்ணெய் தொட்டு எடுங்கள். புருவத்தைப் போகும்போதே அதிகம் மெலிக்காமல் விடுங்கள், அது வளர வாரக்கணக்கில் ஆகும். விக்கை வலையில் சுற்றி, காற்றுப் படாத பையில் போட்டுப் பெட்டியின் அடியில் வையுங்கள். வாசனைத் திரவியம் தெளித்த உடைகளைத் துவைத்துவிட்டே மடியுங்கள்.